45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது. ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதிலுள்ள பெண், நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறி, தலையணை நனைய எழும்பி இருப்பது வேறு வேதனை. நித்திரையில்லாமல் காலையில் அவள் சினந்தால், "இவளுக்கு என்ன பிடிச்சது?" என்கிறது வீடு.

வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பலர் முகநூலில் விற்கும் மூலிகைக் குளிசைகளை வாங்கி விழுங்குகிறார்கள். இதுதான் எனக்குப் பெரும் கவலை. மூலிகை என்றால் தீங்கில்லை என்பது தவறு. பிளாக் கோஹோஷ் என்னும் வெளிநாட்டு மூலிகை சேர்ந்த குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேளாமல் எதையும் தொடக்கூடாது.

மருந்தில்லாத வழிகளில், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் உளவளச் சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. 2023இல் மாதவிடாய் நிறுத்தம் பற்றிய வட அமெரிக்க நிபுணர் சங்கமும் அதைப் பரிந்துரைத்தது. யோகாசனம் மனதுக்கும் நித்திரைக்கும் உதவலாம். அனலைத் தணிக்கும் என்பதற்குச் சான்று போதாது. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டால் கைவைத்தியம் வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நமது மாவட்டத்தில் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் இருக்கின்றன. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து, உளவளத்துணையாளர் ஒருவரோடு, மாதம் ஒருநாளாவது இந்தப் பெண்களைத் தமிழில் ஆறுதலாக விசாரிக்க ஒழுங்கு செய்யுமாறு மாகாண சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
உவர்மலை, திருகோணமலை.