குரோனட்டுக்கு நாற்பது நிமிடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குரோனட் என்பது, குரோசான் என்ற அடுக்கடுக்கான பிரெஞ்சு ரொட்டியின் மாவை டோனட் போல வளையமாக வெட்டிப் பொரித்து, க்ரீம் நிரப்பும் பலகாரம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'நாற்பதே நிமிடத்தில் குரோனட்' என்று வந்த செய்முறையைப் பார்த்து என் மகள் செய்தாள். பத்துத் துண்டுகள். எண்ணெயில் போட்டதும் அடுக்கடுக்காகப் பிரிந்து எண்ணெயைக் குடித்தன, நடுவில் மாவு பச்சையாகவே இருந்தது. "எனக்குக் கைவரலம்மா" என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. தவறு அவள் கையில் இல்லை.

அந்தச் செய்முறை கடையில் விற்கும் பஃப் ஷீட்டை (பஃப்ஸ் செய்யும் மாவுத் தகட்டை) வட்டமாக வெட்டிப் பொரிக்கச் சொல்கிறது. பஃப் மாவில் ஈஸ்ட் கிடையாது. குரோனட்டுக்கு வேண்டியது குரோசான் போல ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, வெண்ணெய் வைத்து மடித்த மாவு. 2013 மே மாதம் நியூயார்க்கில் இதை முதன்முதலில் விற்ற டொமினிக் ஆன்செல், வீட்டில் செய்பவர்களுக்கென்று பிற்பாடு தந்த செய்முறையும் மூன்று நாள் வேலைதான். பெயரைக்கூட அவர் வணிகமுத்திரையாகப் பதிவு செய்திருக்கிறார்.

நான் மூன்று முறை கெடுத்து நான்காம் முறை சரியாகச் செய்தவள். மூன்று முறையும் கெடுத்தது வெண்ணெயின் பதம்தான். அரைக் கிலோ மாவுக்குக் கால் கிலோ வெண்ணெய் எடுத்து, பட்டர் பேப்பருக்குள் வைத்துத் தட்டிச் சதுரமாக்குவேன். அந்தச் சதுரத்தை விரலில் வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. குளிர்ச்சி கூடினால் தேய்க்கும்போதே உள்ளே சில்லுசில்லாக உடைந்துவிடும். குறைந்தால் மாவோடு கலந்து அடுக்கே இருக்காது. மூன்றாக மடித்துத் தேய்ப்பதை மூன்று தடவை செய்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க மாவு பின்னுக்கு இழுக்கும், அவசரப்பட்டு அழுத்தினால் வெண்ணெய் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

வெட்டிய வளையங்கள் உப்ப எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. சீக்கிரம் உப்பட்டும் என்று அடுப்புப் பக்கம் வைத்துவிடாதீர்கள். 32 டிகிரியை நெருங்கினாலே வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடும். அதன்பின் வாணலியில் நுரை பொங்குவதுதான் மிச்சம். அடுக்குகளை மேலே தூக்குவது மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகும் வேகம். வெண்ணெய் முன்கூட்டியே உருகி ஓடிவிட்டால் அந்த ஆவி தூக்குவதற்கு அடுக்கு ஏது?

எண்ணெய்க்கு உங்கள் செய்முறை சொல்வது 'நன்கு காய்ந்ததும்' என்ற இரண்டே சொல். 175 டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் எண்ணெய் குடிக்கும், கூடினால் வெளியே கருகி உள்ளே வேகாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் சேர்த்துப் போட்டால் சூடு இறங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். க்ரீமை நன்றாக ஆறியபிறகே நிரப்ப வேண்டும். ஒரே துளையில் பிழிந்தால் வளையம் முழுக்கப் போகாது, நான் மேலே நான்கு இடத்தில் குத்திப் பிழிகிறேன்.

வெண்ணெய் விலையுள்ள பொருள். அதைவிடப் புதிதாகச் சமைக்க வரும் பிள்ளைகளின் ஆசை பெரியது. மாவு ஓய்வெடுக்கும் நேரத்தையும் எண்ணெயின் சூட்டையும் சேர்த்து, திருத்திய செய்முறையை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். பழையதை வெட்டி ஒட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி பெரிதாகவே போடுங்கள். மகளும் நானும் நேற்றிரவு மறுபடி மாவு பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். இன்று மாலை முதல் மடிப்பு. கட்டையை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி