அண்ணன் சேர்த்த பொம்மைகள் என்ன விலை போகும்?

அன்புள்ள அண்ணிக்கு,

"எல்லாவற்றையும் விற்றால் எவ்வளவு வரும்? மழுப்பாமல் சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். மழுப்பவில்லை அண்ணி. ஒரே தொகையாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும், அவ்வளவுதான். சேர்த்தவர் போன பிறகு அவருடைய அலமாரியை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் உங்களைத் தவிரவும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நீங்கள் சம்மதித்தபடி, பெயர் எதுவும் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

விலைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இப்போதைக்கு எதையும் சுத்தம் செய்யாதீர்கள். ஒட்டியிருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். அப்புறம், காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடத்தை அடைக்கிறது என்று நீங்கள் அண்ணனோடு சண்டை போட்ட அதே பெட்டிகள்தான். வாங்குகிறவர் பொம்மையை மட்டும் பார்ப்பதில்லை. அச்சிட்ட பெட்டி, உள்ளே பொம்மை படுத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டு, மாற்றிப் பொருத்தும் கைகள், நகம் அளவுத் துப்பாக்கி, ஒட்டாமல் விட்ட ஸ்டிக்கர் தாள், பெரிய உருவங்களுக்குச் சாதாரணப் பழுப்பு நிற வெளி அட்டை என எல்லாம் சேர்ந்தால்தான் முழு விலை. பெட்டி இல்லாததை 'லூஸ்' என்பார்கள், விலை ஒரேயடியாக இறங்கும். அலமாரியின் மூலையில் சின்னதாக ஏதாவது கிடந்தால், அது எதன் பாகம் என்று தெரியாவிட்டாலும், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய பொம்மையின் இரண்டு செண்டிமீட்டர் துப்பாக்கிக்குத் தனியாகவே ஆள் இருக்கிறது.

சரி, விலைக்கு வருகிறேன். பாதிப் பெட்டிகளில் 'லிமிடெட் எடிஷன்' என்று பொன் எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் உங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கும். அந்த எழுத்துக்காக யாரும் பணம் தரப் போவதில்லை. சிலவற்றில் இத்தனை செய்தோம் என்று எண் போட்டிருப்பார்கள், அது கொஞ்சம் நம்பத்தக்கது. சிலவற்றில் முன்பதிவுக் காலம் மட்டும்தான் வரம்பு. அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனையும் செய்து அனுப்பிவிடுவார்கள். இன்னும் சில, ஒரு விழாவில் மட்டும் என்று விற்றுவிட்டு, அடுத்த வருஷம் சட்டை நிறத்தை மாற்றி எல்லாக் கடைக்கும் அனுப்பியவை. ஜப்பானிய அனிமே உருவங்களில் மறுபடியும் அச்சுப் போட்டு வெளியிடுவது சாதாரணம். முதல் வெளியீட்டுக்கு இரண்டு மடங்கு கேட்டுக்கொண்டிருந்தவர், மறுவெளியீட்டு அறிவிப்பு வந்த அன்று மாலையே விலையை இறக்கியிருப்பார்.

அண்ணனிடம் இருக்கும் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை வைத்தே சொன்னால் தெளிவாகும். படம் 1977இல் வந்தது. பொம்மை செய்யும் உரிமை கென்னர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது. படம் இப்படி ஓடும் என்று அவர்கள் நினைக்கவில்லை, கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. அதனால் வெறும் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு இருக்கும், அதை அனுப்பினால் 1978இல் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். அப்போது வாங்கிய குழந்தைகள் அட்டையைக் கிழித்தார்கள், மண்ணில் புதைத்தார்கள், துப்பாக்கியைத் தொலைத்தார்கள். பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அட்டை பிரியாமல் தப்பியவை இன்று பெரிய விலைக்குப் போவது அதனால்தான்.

அதே வரிசையில் ஜாவா என்ற குள்ள உருவம் உண்டு. முதலில் பிளாஸ்டிக் அங்கியோடு வந்தது, பார்க்க மலிவாக இருக்கிறதென்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி போட்டது எங்கும் கிடைக்கும். பிளாஸ்டிக் போட்டது அரிது. இன்னொன்று, ஸ்னாகிள்டூத். கென்னருக்குக் கிடைத்தது இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதைப் பார்த்து உயரமாக, நீல உடையில், காலில் பூட்ஸோடு செய்துவிட்டார்கள். படத்தில் அது குள்ளம், உடை சிவப்பு, வெறுங்கால். கேட்க எவ்வளவு சுவையாக இருக்கிறது? ஆனால் அந்த நீலப் பொம்மை 1978இல் சியர்ஸ் கடைகளின் தொகுப்பில் நிறையவே விற்றது. அதனால் கதையின் அளவுக்கு விலை இல்லை.

அதே வரிசையின் போபா ஃபெட் பற்றி அண்ணன் உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். முதுகிலிருந்து ஏவுகணை சீறிப் பாயும் என்று 1979இல் விளம்பரம் செய்தார்கள். அதற்குள் வேறொரு நிறுவனத்தின் பொம்மை விண்கலத்திலிருந்து வந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் பயந்து, ஏவுகணையை முதுகோடு ஒட்டியே அனுப்பியது. பாயும் வகை கடைக்கு வரவே இல்லை, சோதனைக்குச் செய்த மாதிரிகள் மட்டும் மிஞ்சின. கையால் வண்ணம் பூசிய அப்படி ஒன்று 2024இல் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. உங்கள் அலமாரியில் இருக்கும் போபா ஃபெட் ஏவுகணை ஒட்டிய வகை. நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், மன்னியுங்கள்.

இப்போது கீழ்த்தட்டில் இருக்கும் ஸ்டார் வார்ஸ் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை 1995க்குப் பிறகு வந்த வரிசை. அதற்குள் பழையவை விலை ஏறிய செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பெரியவர்களே ஆளுக்கு இரண்டாக வாங்கி, பிரிக்காமல் வைத்தார்கள். விளைவு, இன்றைக்கும் புத்தம் புதிதாக மலை மலையாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை வாங்கிய விலைக்கே போனால் நல்ல காலம். 'பிற்காலத்தில் விலை ஏறும்' என்று எல்லாரும் சேர்ந்து நினைத்து வாங்கிய பொருள் அநேகமாக ஏறுவதில்லை. பீனி பேபீஸ் என்ற துணிப் பொம்மைக்கும் இதுதான் நடந்தது. டை நிறுவனம் ஒவ்வொன்றாக 'இனி செய்ய மாட்டோம்' என்று அறிவித்து ஆசையைக் கிளப்பியது. 1999இல் விவாகரத்தான ஒரு தம்பதி நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பங்கு பிரித்த புகைப்படமே இருக்கிறது. அந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி இன்று சில டாலர்தான்.

பெரிய தலையும் கறுப்புக் கண்ணுமாக இருக்கும் ஃபன்கோ பாப்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றைத் தனித்தனியாக விற்க முயன்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கிடங்கில் வைக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2023இல் அந்த நிறுவனமே 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கை ஒழித்துக்கட்டப் போவதாக அறிவித்தது. அரிதான சிலது உண்டு, அவற்றை நான் பொறுக்கித் தருகிறேன். மீதியை மொத்தமாகக் கொடுத்துவிடலாம்.

நம்பிக்கை வைக்க வேண்டியது நடுத்தட்டின் மீது. அங்கே கரடி வடிவத்தில் நிற்பவை பேர்பிரிக். ஜப்பானின் மெடிகாம் டாய் 2001இலிருந்து செய்கிறது. அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள்: 7 செ.மீ. இருப்பது 100%, 28 செ.மீ. இருப்பது 400%, 70 செ.மீ. உயரத்தில் குழந்தை மாதிரி நிற்பது 1000%. உயரம் மட்டும் விலை அல்ல. எந்த ஓவியரோடு, எந்த நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது என்பதுதான் முக்கியம். பக்கத்தில் கண்ணுக்குப் பதில் எக்ஸ் குறி போட்டிருக்கும் உருவம் காஸ் என்ற கலைஞருடையது. அவருடைய முதல் 'கம்பேனியன்' 1999இல் ஜப்பானில் நிறத்துக்கு 500 என்ற கணக்கில் வந்தது. பிற்காலத்தில் எண்ணிக்கை வரம்பில்லாமலும் வெளியிட்டார். அண்ணனுடையது எந்த ஆண்டு என்று பாதத்தின் அடியில் அச்சாகியிருக்கும். அந்த ஆண்டைப் பொறுத்து விலை எங்கேயோ போகும், இல்லை சாதாரணமாக நிற்கும். இவற்றில் போலிகளும் ஏராளம், அதனால் வாங்கிய ரசீது கிடைத்தால் பொம்மையைப் போலவே அதையும் பத்திரப்படுத்துங்கள்.

லபுபு? அண்ணன் கடைசியாக வாங்கியது அதுதான் இல்லையா. காசிங் லுங் என்ற ஓவியரின் கதைப் புத்தகத்தில் 2015இல் பிறந்த பாத்திரம். 2019இலிருந்து பாப் மார்ட் என்ற சீன நிறுவனம் பொம்மையாகச் செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியாக விற்பார்கள், 'சீக்ரெட்' உருவம் 72 பெட்டிக்கு ஒன்று. 2025 ஜூனில் 131 செ.மீ. உயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10,80,000 யுவானுக்குப் போனது. அதே மாதம் நிறுவனம் சரக்கை அள்ளி விட்டதும், கைமாற்றிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்களின் விலை பாதியளவுக்குச் சரிந்தது. நிறுவனம் நினைத்தால் இன்னும் லட்சக்கணக்கில் செய்ய முடியும் என்ற பொருளை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. முதலில் இதை விற்றுவிடுங்கள்.

அப்புறம் பிளாஸ்டிக். இது நம் கையில் இல்லாத விஷயம். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் மேலே கசிந்து பிசுபிசுக்கும். மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் இன்னும் மோசமாகும். அதைத் தொட்டுவிட்டு 'பழுதாகிவிட்டது' என்று நினைக்க வேண்டாம், லூஸாக இருக்கும் புது உருவங்களை வெதுவெதுப்பான தண்ணீரிலும் மிதமான சோப்பிலும் கழுவலாம். அதை நான் வந்தபின் செய்வோம். வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாவதை நிறுத்த முடியாது, வெயில் படாமல் தள்ளிப்போடலாம். ரசாயனம் போட்டு வெளுத்து விற்பவர்கள் உண்டு, விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், மஞ்சளும் திரும்பி வரும். மிக முக்கியமாக, மேலே இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரோபோக்களில் தங்க நிறப் பாகம் உள்ளதைத் திருகிப் பார்க்காதீர்கள். பளபளப்புக்கு உலோகத் துகள் கலந்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சிலவற்றில், பார்க்க நன்றாகவே இருக்கும், மூட்டுகளை அசைத்தால் அப்பளமாக நொறுங்கும்.

விலை பார்ப்பது எப்படி என்று உங்கள் பையன் இணையத்தில் தேடி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். கெட்டிக்காரன், ஆனால் அதில் இருப்பதெல்லாம் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவும் கேட்கலாம். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அதே பதிப்பு, அதே நிலை, கடைசிச் சில மாதங்கள் என்று பார்த்துப் பல விற்பனைகளின் நடுவிலையை எடுக்கச் சொல்லுங்கள். எங்கோ ஒன்று அதிசயமாக விலை போயிருந்தால் அதை விட்டுவிடட்டும். வரும் தொகையில் தளத்தின் கமிஷன், உடையாமல் கட்டி அனுப்பும் செலவு, 'கால் வளைந்திருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லாம் கழியும்.

"மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கே பணம்" என்று ஒருவர் வந்தாரே, அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். மொத்தமாக எடுப்பவர் சந்தை விலையில் பாதி, அதற்கும் கீழே கேட்பதுதான் வழக்கம். மெதுவாக நகரும் சரக்கையும் அவர் தலையில் கட்டிக்கொள்ள வேண்டுமே. ஆனால் அவர் உங்களிடம் கேட்டது நடுத்தட்டை மட்டும் என்று சொன்னீர்கள். அது மொத்தம் இல்லை அண்ணி, அது பொறுக்கல். கீழ்த்தட்டையும் சேர்த்து எடுப்பாரா என்று கேளுங்கள், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

தரச் சான்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏ.எஃப்.ஏ. போன்ற நிறுவனங்கள் பொம்மையைப் பரிசோதித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும். அனுப்பும் செலவு, கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. அட்டை பிரிக்காத 1978 காலத்துப் பொம்மைகளுக்கு மட்டும் செய்வோம். அண்ணனிடம் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் அங்கி ஜாவாவுக்குக் கண்டிப்பாக வேண்டும். வேறொரு பொம்மையின் அங்கியை வெட்டி அதற்குப் போட்டு விற்பது பழைய தில்லுமுல்லு. அண்ணன் ஏமாந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வாங்குகிறவருக்கு அண்ணனைத் தெரியாதே.

விற்பனைக்கு எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். விலையைச் சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள், சொன்னால் தப்பானதைத்தான் எடுப்பார்கள்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது புகைப்படங்கள். ஒவ்வொரு தட்டையும் முழுதாக ஒன்று, பிறகு நடுத்தட்டில் இருப்பவற்றை மட்டும் தனித்தனியாக: முன்பக்கம், பின்பக்கம், பாதத்தின் அடி, பெட்டியின் நான்கு மூலைகள். பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்குக் காலின் பின்புறம் பதிப்புரிமை ஆண்டும் செய்த நாடும் பொறித்திருக்கும், அது படிக்கிற மாதிரி விழட்டும். ஃப்ளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அது வந்ததும் எதை எப்போது விற்பது என்று வரிசை போட்டு அனுப்புகிறேன். அதுவரை நடுத்தட்டைக் கேட்டு யார் வந்தாலும் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மாதிரி ஒருவன்