சாணி கரைக்க ஜெர்மனிக்கு

லைப்சிக்,
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் ஆத்தாவும் சுகம்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. வந்து ஒரு வருடமாகியும் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களிடம் உருப்படியாகச் சொன்னதில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

"சாணி கரைக்கவா ஜெர்மனிக்குப் போனா?" என்று பெரியம்மா கேட்டாராமே. ஆமாம், அதேதான். சாணி, தட்டை மாதிரியானவற்றைப் புளிக்க வைத்து எரிவாயு எடுக்கிற ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் என் பொறுப்பில் எட்டுக் கண்ணாடிக் கலன்கள், ஒவ்வொன்றும் பத்து லிட்டர். வெளியே பனி கொட்டினாலும் அவற்றுக்குள் 38 டிகிரி. என் அறையில்கூட அந்தச் சொகுசு இல்லை. புதுக் கலனுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் எரிவாயு ஆலையிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றுவோம், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அதிலுள்ள நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் நாங்கள் போடும் தீவனத்தை உடைக்கும், அடுத்தது அமிலமாக்கும், கடைசிக் கூட்டம்தான் மீத்தேன் என்கிற எரியும் வாயுவை விடும். அந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்று தனி இனம். 1977-ல்தான் பிரித்துச் சொன்னார்கள். காற்றுப் பட்டால் ஆகாது. நம் மாட்டு வயிற்றிலும் குடியிருக்கிறது.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் சுற்றப் போகும் அவசரத்தில் மூன்று நாள் தீவனத்தையும் ஒரே வேளையில் போட்டுவிட்டேன். திங்கள் காலை கதவைத் திறந்தால் புளித்த நாற்றம். ஒரு கலனில் நுரை பொங்கி, வாயுக் குழாய்க்குள் ஏறி, மேசையெல்லாம் வழிந்து கிடந்தது. முன்வரிசைக் கூட்டம் தின்று தீர்த்து அமிலத்தைக் குவித்துவிட்டது. மீத்தேன் கூட்டம் மெதுவாகப் பெருகுகிற இனம், ஈடுகொடுக்க முடியாமல் சுருண்டுவிட்டது. நம் செவலைப் பசு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டு வயிறு உப்பிக் கிடந்ததே, அதே கதை. அன்றைக்கு நீங்கள் சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினீர்கள். நானும் சோடா உப்புப் போட்டு, தீவனத்தை நிறுத்திப் பத்து நாள் பட்டினி போட்டேன். பிழைத்துக்கொண்டது. இதை எங்கே படித்தாய் என்று பேராசிரியர் கேட்டார். கட்டுத்தரையில் என்றேன்.

இந்த நாட்டில் 9,000-க்கும் மேற்பட்ட எரிவாயு ஆலைகள் இருக்கின்றன. முக்கியத் தீவனம் மக்காச்சோளம். தட்டையோடு வெட்டி மலைபோல் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திப் பழைய டயர்களை அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். சாப்பிடுகிற பொருளைத் தொட்டியில் கொட்டுவதா என்று சண்டை வந்து, 2012-ல் புது ஆலைகளில் மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள், பிறகு அந்த வரம்பையும் குறைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த 60 ரொம்பத் தாராளம். எங்கள் குழு வைக்கோலை வைத்து முயல்கிறது. வைக்கோல் மட்டும் தின்ற கலனில் வாயு குறைந்துகொண்டே வந்தது. நிக்கலும் கோபால்ட்டும் துளித் துளியாகச் சேர்த்தோம், இரண்டு வாரத்தில் ஏறிவிட்டது. மீத்தேன் உண்டாக்கும் நொதிக்கு நிக்கல் இல்லாமல் ஆகாது. இந்த வருடத்தில் உருப்படியாக நடந்தது அதுதான்.

ஜூனில் ஊர்மக்களுக்காக ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தோம். பாட்டிலில் சாணிக் கரைசல், வாயில் பலூன். அது தானாக ஊதி நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் நகரவே இல்லை. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், கோழி எருவைப் போட்டால் தொட்டி மந்தமாகிறதே என்றார். விடுவேனா, நாமக்கல்காரியாயிற்றே! கோழி எருவில் தழைச்சத்து அதிகம், அது அமோனியாவாகிக் கடைசிக் கூட்டத்தைத்தான் முதலில் அடிக்கும், வைக்கோல் கலந்து போடுங்கள் என்றேன். அரைகுறை ஜெர்மனில்தான். தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஒரு விஷயம். அப்பாரு கட்டிய கேஸ் தொட்டியை மூடிவிட்டுக் கொட்டகை போடப் போவதாக அம்மா சொன்னார். இப்போதைக்கு வேண்டாம். டிரம் துருப்பிடித்திருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். சித்திரையில் நான் வந்து பார்க்கிறேன். அதுவரை சுத்தம் செய்கிறேன் என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். எத்தனை வருடம் சும்மா கிடந்தாலும் அடியில் விஷவாயு தங்கியிருக்கும். மூடியின் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிடுங்கள், தம்பி ஏதாவது வேலை காட்டுவான்.

உங்கள் மகள்