இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

மாணவர்களின் வீதி விபத்துகள் பற்றிய உங்கள் செய்தி, பிள்ளைகளின் கவனயீனத்தையே காரணமாகச் சொல்கிறது. அது பாதி உண்மை. கார்த்திகை, மார்கழியில் யாழ்ப்பாணத்தில் மாலை 6 மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும். ரியூசன் விடுவதோ 6.30க்கு. பலாலி வீதியில் சைக்கிள்கள் கூட்டமாய் இறங்கும்போது பலவற்றில் பின்விளக்கே இராது. தரம் 10 படிக்கும் என் மகன், வெள்ளம் மூடிய பள்ளம் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அவனுடைய டைனமோ லைட் எரிவதில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. சரி, அது என் பிழை.

மழைக்காலம் முடியும்வரை தனியார் கல்வி நிலையங்கள் வகுப்புகளை 5.30க்குள் முடிக்க மாநகர சபை ஒழுங்கு செய்யவேண்டும். பின் மட்காட்டில் சிவப்பு ஒளிதெறிப்பு ஸ்ரிக்கர் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துப் பிள்ளைகளை அனுப்பலாம்.

ஒரு தந்தை,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.