131 முடிந்தால் 58

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே இவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதற்குத் தண்டனையாக எனக்கும் காபியில் சர்க்கரை கிடையாது.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். தொடர்கதையில் ‘தொடரும்’ என்று போட்டால் அடுத்த வாரம் வரைக்கும் தவித்துக் கிடந்த ஆட்கள் நாம். அப்படிப்பட்ட நான் அந்தக் காலத்தில் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலைப் படித்துவிட்டு, நூலகத்தில் போய் ஜே.ஜே. எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? ஜே.ஜே. என்ற எழுத்தாளனே கற்பனை என்று நூலகர் சிரித்த சிரிப்பு! பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்று தேதி போட்டுத் தொடங்கி, பிற்பாதியில் அவனுடைய நாட்குறிப்பையும் கொடுத்தால் எவன்தான் நம்பமாட்டான்? சுந்தர ராமசாமி நன்றாக ஏமாற்றினார். ஒரு மாசம் கோபம் இருந்தது. அப்புறம் அந்த ஏமாற்று வேலைக்காகவே இன்னொரு தடவை படித்தேன்.

இப்போது மாட்டியிருப்பது ஹூலியோ கொர்த்தஸாரின் ‘ஹாப்ஸ்காட்ச்’ நாவல். அர்ஜென்டினாக்காரர், 1963இல் ஸ்பானிஷில் எழுதியது. பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? நம் தெருவில் பெண் பிள்ளைகள் கட்டம் போட்டு ஆடுமே, அந்தப் பாண்டி. 155 அத்தியாயம். ஒன்றிலிருந்து 56 வரை நேராகப் படித்து மூடி வைத்துவிடலாம், மீதியை விட்டாலும் பாதகமில்லை என்று அவரே சொல்கிறார். இல்லையென்றால் முன்னால் ஒரு அட்டவணை இருக்கிறது: 73இல் ஆரம்பித்து 1, 2, அப்புறம் 116, திரும்ப 3, அங்கிருந்து 84. ஒற்றைக் காலில் தாவ வேண்டியதுதான். நான் தாவினேன். புத்தகம் முழுக்க பஸ் டிக்கெட் அடையாளம்.

34ஆம் அத்தியாயம் வந்ததும் அச்சுப் பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாம் என்று பில்லைக்கூடத் தேடினேன். அப்புறம்தான் பிடிபட்டது. ஒரு வரி விட்டு ஒரு வரி படிக்க வேண்டும். விட்டுப்போன காதலி படித்த பழைய நாவலைக் கதாநாயகன் புரட்டுகிறான். ஒரு வரி அந்த நாவல், அடுத்த வரி அவன் மனசில் ஓடுவது. இதையெல்லாமா படித்தாள் என்று மட்டமாக நினைத்துக்கொண்டே, கீழே வைக்காமல் படிக்கிறான். அவளும் நம்மை மாதிரி, கதைக்காகக் கதை படிக்கிறவள். அவன் மேல் எனக்குச் சரியான எரிச்சல்.

ஆனால் யோசித்துப் பார், நாம் படிப்பதும் அப்படித்தானே? கண் வரியில் இருக்கும், மனசு கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லையே என்று ஓடும். அதை அப்படியே தாளில் போட்டிருக்கிறார், நான் பில்லைத் தேடியிருக்கிறேன்.

எல்லாம் இப்படி வாய்த்துவிடவில்லை. கோணங்கியின் ‘பாழி’ நாவலை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் அழகாகத்தான் இருக்கிறது, பத்துப் பக்கம் தாண்டினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பரீட்சையா எழுதப்போகிறோம்?

கடைசியில் நடந்த கூத்தைக் கேள். அட்டவணைப்படி 131 முடிந்தால் 58. அதை முடித்தால் மறுபடி 131. நான் சமர்த்தாக இரண்டு சுற்று வந்த பிறகுதான் இவள், “என்ன, அதே பக்கத்தையே புரட்டுகிறீர்கள்?” என்றாள்.

மருமகன் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறான், புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நீயும் எப்படியும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இருக்கப்போகிறாய். 34இல் செருகியிருக்கும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் சங்கரன்