மார்கரெட் ஹில்லிஸுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய இசை நடத்துநர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்கப் பெண் நடத்துநரான மார்கரெட் ஹில்லிஸுக்கு ஒரே ஒரு பத்தியைத்தான் ஒதுக்கியிருந்தது. சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் சோல்ட்டி கீழே விழுந்து காயமடைந்ததால், 1977 அக்டோபர் 31 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் ஹில்லிஸ் அவருக்குப் பதிலாக இசையமைப்பாளர் மாலரின் எட்டாம் சிம்பொனியை நடத்தியதை அந்தப் பத்தி வெறும் அதிர்ஷ்டம் என்று முடித்துவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹில்லிஸ் இந்தியானாவில் படித்த காலத்தில், ஆர்கெஸ்ட்ரா நடத்தும் வேலை பெண்களுக்குக் கிடைக்காது, பாடகர் குழு வழியாக நுழைந்து பார் என்று ஆசிரியரே அறிவுரை கூறினார். அதன்பின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பாடகர் குழு நடத்துநர் ராபர்ட் ஷாவிடம் பயின்ற அவர், 1950களில் நியூயார்க்கில் அமெரிக்கன் ஓபரா சொசைட்டியின் பாடகர்களைத் தயார் செய்துவந்தார். அவருடைய நியூயார்க் பாடகர் குழுவையே சிகாகோவுக்கு வரவழைக்க, அப்போது சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திவந்த ஃப்ரிட்ஸ் ரைனர் விரும்பினார். செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், உள்ளூரிலேயே ஒரு குழுவைத் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. 1957இல் உருவான சிகாகோ சிம்பொனி கோரஸின் பிறப்பு இதுதான். அடுத்த மார்ச்சில் புரூனோ வால்ட்டர் நடத்திய மொசார்ட்டின் ரெக்வியம் என்னும் இரங்கல் இசைப்படைப்பில் அக்குழு பாடியது. 1994 வரை அதை வளர்த்தவர் ஹில்லிஸ். இடையில் எல்ஜின் நகர ஆர்கெஸ்ட்ராவையும் பல ஆண்டுகள் நடத்தினார்.

நாற்பது பேர் கொண்ட எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நான் பேஸ் என்னும் தாழ்குரலில் பாடுபவன். ஆங்கிலக் கேரல் ஒன்றில் வரியின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை எல்லோரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாம்புக் கூட்டம் சீறுவதுபோல் இருக்கும். அதற்கே எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. மாலரின் எட்டாம் சிம்பொனியிலோ இரண்டு பெரிய பாடகர் குழுக்கள், சிறுவர் குழு ஒன்று, தனிப்பாடகர்கள் எட்டுப் பேர். 1910இல் மியூனிக்கில் அது அரங்கேறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேடையில் இருந்தனர். முடிவில் கூட்டுக்குரல்கள் நுழையும் இடத்தில் 'மூச்சைப் போல' என்று மாலர் குறித்திருக்கிறார். அத்தனை தொண்டைகளிலிருந்தும் ஒரே மூச்சு எழ வேண்டுமானால், அதற்கான உழைப்பு கச்சேரி நாளன்று தொடங்குவதல்ல. அந்தக் குரல்களுக்கு வரி வரியாகப் பயிற்சி தந்தவரே அன்றிரவு கோலை ஏந்தினார் என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்குக் கிடைத்த கிராமி விருதுகள் ஒன்பது. கட்டுரையில் அதுவும் இல்லை.

தொடரின் அடுத்த பகுதி ஓபரா அரங்குகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென நடக்கும் பைராய்ட் விழாவில் 1951 முதல் 1971 வரை கோரஸைத் தயார் செய்த வில்ஹெல்ம் பிட்ஸைப் பற்றி, வாக்னரை நடத்திய பெரிய பெயர்களுக்கு நடுவே ஒரு பக்கமாவது எழுதும்படி கட்டுரையாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.