வெறும் ஜெல் எவ்வளவு கொன்றது? ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம். தாவர நறுமண எண்ணெய்களை ஆல்ஜினேட், கைட்டோசான், ஜெலாட்டின் போன்ற இயற்கை பாலிமர் ஜெல்களில் அடைத்து பாக்டீரியாவை ஒடுக்கும் ஆய்வுகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். இந்தத் துறை உருப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எண்ணெய் சேர்க்காத வெறும் ஜெல் மட்டும் எவ்வளவு பாக்டீரியாவைக் கொன்றது, ஜெல்லிலிருந்து எண்ணெய் எவ்வளவு வெளியே வந்தது என்ற இரண்டு கணக்கும் இல்லாத கட்டுரைகளைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

ஜெல்லில் அடைக்கும் யோசனையில் எனக்குக் குறையே தெரியவில்லை. இந்த எண்ணெய்களில் உள்ள தைமால், கார்வக்ரால், யூஜெனால் போன்ற பொருள்கள் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து, உள்ளே இருக்கும் அயனிகளைக் கசிய வைக்கின்றன. ஆனால் இவை சீக்கிரம் ஆவியாகும், தண்ணீரில் சரியாகக் கரையாது, காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும். எண்ணெயை எமல்ஷனாக்கி, அதாவது நீரில் நுண்துளிகளாகப் பரப்பி, ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைத்து மணிகளாக்கிவிடும். சூடே வேண்டாம். ஆவியாகும் பொருளுக்கு இது அருமையான வழி.

சிக்கல் சோதனையில்தான். கைட்டோசானையே எடுத்துக்கொள்வோம். நேர்மின்னேற்றம் கொண்ட அது தன்னளவிலேயே பாக்டீரியாவைக் கொல்லும். அதைக் கரைக்கப் பயன்படும் அசிட்டிக் அமிலமும் கொல்லும். அப்படியிருக்க, எண்ணெய் உள்ள ஜெல்லை ஓர் ஆன்டிபயாட்டிக் வில்லையோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு எண்ணெய்தான் வேலை செய்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே அமிலம், அதே எமல்ஷன் பொருள் சேர்த்த, எண்ணெய் இல்லாத ஜெல்லையும், அதே அளவு எண்ணெயைத் தனியாகவும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதனால் கொன்றது என்று தெரியும்.

அப்புறம் அந்தத் தடை வளையப் படங்கள், அதாவது மருந்தைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டத்தைக் காட்டும் படங்கள். பாக்டீரியாவை வளர்க்கும் அகார் கூழில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதில் எளிதாகப் பரவாது. மூடிய பெட்ரி தட்டுக்குள் அதன் ஆவி வேறு போய் வேலை செய்கிறது. ஆகவே வளையத்தின் அகலத்தை வைத்து எந்த எண்ணெய் வலியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரத்தில் உயிருள்ள பாக்டீரியா எவ்வளவு குறைந்தது என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது என்றால் அது எவருக்கும் புரியும்.

எண்ணெய் வெளிவரும் அளவைச் சாராயம் கலந்த நீரில் அளந்து, அந்த வரைபடத்தைக் காயத்தின் மேல் வைக்கும் ஜெல் கட்டுக்கு ஆதாரமாகக் காட்டுவதும் நடக்கிறது. காயத்தில் சாராயம் ஏது? அங்கே ஊறும் திரவத்தில் இருக்கும் சோடியம் ஜெல்லின் கால்சியத்தைப் பெயர்க்கிறது, பாஸ்பேட் அதைப் பிடித்துக்கொள்கிறது. தூய நீரில் உறுதியாக நிற்கும் மணிகள் அங்கே உப்பிப் பிரிந்துவிடும். போதாததற்கு, திரவத்தில் உள்ள புரதங்கள் எண்ணெயின் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். உணவில் பயன்படுத்தினால் கொழுப்பு அதையே செய்யும். எந்த இடத்துக்கான ஜெல்லோ, அந்த இடத்தின் சூழலில் அளக்கட்டும்.

எண்ணெயின் பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. ஒரே தைம் செடி இனத்தில் தைமால் மிகுந்த வகையும் உண்டு, லினலூல் மிகுந்த வகையும் உண்டு. பயன்படுத்திய எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வாயு நிறப்பகுப்பாய்வு முடிவைக் கட்டாயமாக்குங்கள்.

"இயற்கையானது, எனவே பாதுகாப்பானது" என்ற வரி எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும் பொருள் மனித செல்லையும் பாதிக்கலாம். இலவங்கப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடு தோல் ஒவ்வாமையைத் தூண்டுவது நன்கு அறியப்பட்ட விஷயம். பாக்டீரியாவைக் கொல்லும் அதே அளவில் தோல் செல்கள் பிழைக்கின்றனவா என்று காட்டுவதுதான் ஆதாரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோற்ற முடிவுகளுக்கும் இடம் கொடுங்கள். கிராம்-நெகட்டிவ் எனப்படும் பாக்டீரியா வகைக்குக் கூடுதலாக உள்ள வெளிச் சவ்வு இந்த எண்ணெய்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. அந்த வகையைச் சேர்ந்த சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா நுழைந்ததையும் வெளியே இறைத்துவிடும். அதனிடம் ஒரு ஜெல் தோற்றது என்ற செய்தி, அதே கலவையை இன்னொரு ஆய்வகம் மீண்டும் செய்து நாட்களை வீணாக்காமல் தடுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களை நம்பிப் படிக்கும் ஒரு வாசகர்